எதிராளி தந்தது 4, நானே தேடிக்கொண்டது 11

36 வயதில் கராத்தே வெள்ளை பெல்ட் கட்டியவன் நான். வரிசையில் எனக்கு இரண்டு பக்கமும் நின்றவர்கள் பள்ளிப் பிள்ளைகள். இப்போது 45 ஆகிறது. கருப்பு பெல்ட் வாங்கி மூன்று வருடம் ஓடிவிட்டது. இந்த 9 வருடங்களில் பட்ட அடிகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வந்திருக்கிறேன். சின்னச் சிராய்ப்பு, கன்றிப்போன முன்கை இதெல்லாம் கணக்கில் இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் பயிற்சியை மாற்ற வைத்தவை மட்டும்தான். மொத்தம் 15. போன மாதம் அந்த நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு பிரித்துப் பார்த்தேன். எதிரில் நின்றவரின் கையோ காலோ பட்டு வந்தவை 4. மீதி 11 நானே எனக்குச் செய்துகொண்டவை.

கராத்தே கற்கிறேன் என்றால் "மூக்கு உடையாதா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். முட்டியைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. என் நோட்டின் முதல் மூன்று பக்கமும் முட்டிதான்.

நான் கற்கும் ஷோட்டோகான் பாணியில் நிற்பதே ஒரு வேலை. ஜென்குட்சு டாச்சி என்றால் முன்கால் மடங்கி, பின்கால் நீண்டு, எடையில் சுமார் 60 சதவீதம் முன்னால். கொகுட்சு டாச்சியில் அது தலைகீழ், 70 சதவீதம் பின்காலில். கிபா டாச்சியில் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நடுவில். மற்ற பாணிக்காரர்கள் எங்களைப் பார்த்துச் சிரிப்பதே இந்த நீளத்துக்கும் ஆழத்துக்கும்தான். இந்தப் பாணியை நிறுவிய ஃபுனாகோஷி கிச்சினின் பழைய படங்களைப் பார்த்தால் அவர் உயரமாகத்தான் நிற்கிறார். இவ்வளவு ஆழம் அவர் மகன் யோஷிதாகா காலத்தில் வந்தது. எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. எவ்வளவு தாழ்வாக நிற்கிறேனோ அவ்வளவு நல்ல மாணவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு எங்கே நடந்தது என்றால், கியாகு ஜூகி, அதாவது பின்கைக் குத்து, குத்தும்போது. இடுப்பு முழுதாகத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். என் இடுப்பு திரும்பியது, பாதம் திரும்பவில்லை. ரப்பர் மேட்டில் வெறுங்கால் ஒட்டிக்கொண்டது. இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவில் திருகல் போய்ச் சேர ஒரே இடம்தான் இருக்கிறது. அதோடு முன்முட்டி ஒவ்வொரு அடியிலும் உள்பக்கமாக விழுந்துகொண்டிருந்தது. மாடிப்படி இறங்கும்போது முட்டியின் உள்ளோரத்தில் ஒரு குத்தல். ஏறும்போது ஒன்றும் இல்லை. மூன்று மாதம் யாரிடமும் சொல்லாமல், எதற்கும் "ஒஸ்" (கராத்தேக்காரர்களின் "சரி") போட்டுக்கொண்டே போனேன். ஒரு நாள் காலையில் முட்டி பப்பாளி மாதிரி வீங்கியிருந்தது.

லிகமென்ட் இழுபட்டிருக்கிறது, கிழியவில்லை என்றார் எலும்பு டாக்டர். பிசியோதெரபிஸ்ட் ஆறு வாரம் என்னைப் படுத்தி எடுத்தார். சுவரில் சாய்ந்து அரை நாற்காலி போல 45 நொடி நிற்பது, ஐந்து முறை. ஒருக்களித்துப் படுத்துக் காலைத் தூக்குவது. ஒரு படியிலிருந்து மறுகாலை மெல்ல இறக்குவது, அதுவும் முட்டி உள்ளே சாயாமல், கண்ணாடி பார்த்துக்கொண்டே. சலிப்பான வேலைதான். ஆனால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலமில்லாமல் இருந்ததுதான் முட்டியை உள்ளே இழுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. முட்டியில் வலி, கோளாறு இடுப்பில்.

திரும்பி வந்ததும் மாஸ்டர் என் நிலையை ஒரு சாண் குறைத்தார். "நீளமா நின்னா மட்டும் ஷோட்டோகான் ஆயிடாதுப்பா. இடுப்பு திரும்ப இடம் இருக்கணும்" என்றார். இரண்டு கால்களுக்கும் குறுக்கே தோள் அகலம் விடுவது, முட்டியைக் கால்விரல்கள் காட்டும் திசையிலேயே வைப்பது, திரும்பும்போது குதிகாலைச் சுழலவிடுவது. இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். என் காதில்தான் விழவில்லை. ஆழமாகப் போவதிலேயே குறியாக இருந்தேன்.

காற்றில் குத்துவதும் உதைப்பதும் இன்னொரு தொல்லை. எதிலும் பட்டு நிற்காததால், மூட்டு முழு வேகத்தில் நீண்டு தன் எல்லையில் போய்த் தானே மோதிக்கொள்கிறது. ஒரு கிரேடிங்குக்கு, அதாவது பெல்ட் தேர்வுக்கு, முன்னால் தினமும் 200 குத்து என்று சபதம் எடுத்தேன். பத்து நாளில் இடது முழங்கையின் பின்புறம் கத்தி வைத்த மாதிரி ஆனது. முழங்கை பூட்டிக்கொள்வதற்கு ஒரு மயிரிழை முன்னால் குத்து நிற்க வேண்டும். அந்த நிறுத்தத்தைச் செய்வது கை அல்ல, அக்குளுக்குக் கீழே இருக்கும் தசையும் பின்னால் இழுக்கும் மறுகையும்தான். ஹிகிதே என்று அந்த இழுப்பை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறார்கள் என்பதற்கு எனக்குக் கிடைத்த பதில் இது. எண்ணிக்கையைப் பாதியாக்கி, மீதியைக் குத்துப் பேடில் அடித்தேன். வலி போனது.

கால் கட்டைவிரல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. கராத்தேக்காரர்கள் அநேகமாக எல்லாரிடமும் ஒன்று இருக்கும். மாயே கெரி என்ற நேர் முன்னுதையை உதைக்கும்போது விரல்களை மேலே மடக்கி, அடிப்பாதத்தின் முன்மேடு படுமாறு உதைக்க வேண்டும். சோர்ந்த நேரத்தில் விரல் தொங்கிவிடும். எதிரே நின்ற பையன் முழங்கையை இறக்கினான், நான் அதில் போய்க் கட்டைவிரலால் முட்டினேன். அவன் ஒன்றுமே செய்யவில்லை, பாவம். "அண்ணே, அண்ணே" என்று பதறினான். இது 11-இல் சேர்ந்தது. எலும்பு முறியவில்லை, அடிமூட்டு இழுபட்டிருந்தது. பக்கத்து விரலோடு சேர்த்து, நடுவில் பஞ்சு வைத்து டேப் சுற்றினேன். அந்தப் பஞ்சு முக்கியம். இல்லாவிட்டால் வியர்வையில் தோல் வெந்துபோகும். தரையை உந்தித் தள்ள ஐந்து வாரம் ஆனது.

எதிராளி தந்த நான்குக்கு வருகிறேன்.

முதலாவது விலா. குமித்தே என்றால் இருவர் மோதும் பயிற்சி. அதில் ஜியு இப்போன் என்ற வகையில், தாக்குபவர் எங்கே அடிக்கப்போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் அடிப்பார். எதிரே நின்றவன் நடு உடம்பு என்று சொன்னான், வந்தான், நான் ஒதுங்காமல் நேராக முன்னால் போனேன். ஷோட்டோகானில் அடி தோலைத் தொடுவதற்குச் சற்று முன்னால் நிற்க வேண்டும். சுன்டோமே என்பார்கள். ஆனால் அடிப்பவர் நிறுத்துவது, நான் நிற்பேன் என்று அவர் நினைத்த இடத்தை வைத்து. நான் அந்தக் கணக்கைக் கெடுத்துவிட்டேன். போட்டியில் இப்படித் தன்னைக் காத்துக்கொள்ளாமல் போய் விழுவதை முபோபி என்று அடி வாங்கியவர்மேலேயே குற்றமாக எழுதுவார்கள்.

விலாவில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை, ஆறு வாரம் பொறுப்பதைத் தவிர. முதல் நாள் பெரிய பெல்ட் ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். டாக்டர் அவிழ்க்கச் சொன்னார். இறுக்கினால் மூச்சு மேலோட்டமாகப் போய் நுரையீரலில் சளி கட்டிக்கொள்ளும். மணிக்கு ஒருமுறை வலியைப் பொறுத்துக்கொண்டு பத்து ஆழமான மூச்சு எடுக்க வேண்டும், இருமும்போது தலையணையை விலாவில் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சுத் திணறினாலோ சளியில் ரத்தம் வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. தும்மலைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை.

இரண்டாவது, ஆஷி பராய். காலைத் துடைத்து வீழ்த்தும் உத்தி. என் எடை முழுதும் அந்தக் காலில் இறங்கிய நொடியில் இழுத்தார் ஒரு மூத்த மாணவர். கணுக்கால் வெளிப்பக்கமாக மடங்கியது. இங்கே ஒரு பரிசோதனையைச் சொல்லிவிடுகிறேன், எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். அடிபட்டதும், பிறகு டாக்டரிடம் போகும்போதும், அந்தக் காலில் எடை போட்டு 4 அடி எடுத்துவைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் மேட்டு எலும்பின் பின்னோரத்தையோ நுனியையோ அழுத்தினால் எலும்பிலேயே வலித்தாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ஒட்டாவா விதிகள் என்று பெயர். அதன் ஒரு பகுதிதான் இது, பாதத்துக்குத் தனி விதி உண்டு. நான் நொண்டியாவது நான்கு அடி நடந்துவிட்டேன்.

ஐஸ் விஷயத்தில் நான் பழைய ஆளாக இருந்தேன். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, தூக்கி வை என்ற சூத்திரத்தை 1978-இல் கேப் மிர்கின் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். பல வருடம் கழித்து அவரே, ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். நான் இரண்டு வாரம் ஐஸ் பையோடு சோபாவில் கிடந்து கணுக்காலை மரக்கட்டை ஆக்கிக்கொண்டேன். இப்போது செய்வது வேறு. முதல் இரண்டு நாள் வலிக்காக மட்டும், துணி சுற்றி, 15 நிமிடம். மூன்றாம் நாளிலிருந்து வலி கூடாத அளவுக்கு அசைக்கத் தொடங்கிவிடுகிறேன். பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது என் கண்டுபிடிப்பு. கண்ணை மூடி 30 நொடி ஆடாமல் நிற்க முடிகிறவரை சண்டைக்கு இறங்குவதில்லை.

மூன்றாவது, சுண்டுவிரல். உதையை விரித்த கையால் தடுத்தேன். விரல் பிசகி ஒரு பக்கமாக நின்றது. பக்கத்தில் இருந்தவர் "இழுத்து விட்டுடலாம்" என்று கையை நீட்டினார். விடவில்லை. உள்ளே முறிவு இருந்தால் இழுப்பில் இன்னும் கெட்டுப்போகும். கையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனேன். மோதிரம் போட்டிருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட வேண்டும்.

நியாயமாகப் பார்த்தால் முதலாவதும் மூன்றாவதும் என் கணக்கில்தான் வரவேண்டும். அப்படியானால் 13, 2. நோட்டில் திருத்தவில்லை.

நான்காவது தலை. இதை எழுதத்தான் தயங்குகிறேன்.

மவாஷி கெரி என்ற சுழல் உதை, பொட்டில். பலமான அடி இல்லை, உதைத்த பெண் உடனே கையைத் தூக்கி நிறுத்தினாள். ஒரு நொடி சத்தம் எதுவும் கேட்கவில்லை. மாஸ்டர் வந்து "என்னப்பா, சரியா இருக்கியா?" என்றார். சரியாக இருக்கிறேன் என்றேன். பொய். சுவரில் இருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி இறங்கி, இன்னும் இரண்டு சுற்று ஆடினேன். ஆட்டத்தில் என்ன நடந்தது என்று இன்றுவரை ஞாபகம் இல்லை. மறுநாள் அலுவலகத்தில் கணினித் திரையைப் பார்க்க முடியவில்லை, வெளிச்சம் குத்தியது, ஒரே மின்னஞ்சலை நான்கு தடவை படித்தேன். பத்து நாள் அப்படிப் போனது.

முட்டியில் பொய் சொன்னால் முட்டி போகும், சமாளித்துக்கொள்ளலாம். தலையில் அப்படி இல்லை. முதல் அதிர்ச்சி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் எங்கள் கூடத்தில் இப்போது பேச்சுக்கே இடமில்லை. தலையில் பட்டு ஒரு சின்னக் குழப்பம் இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அடிபட்டவர் "நான் ஓகே" என்று சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கை கால் மரத்துப்போவது, இரண்டு கண்மணியும் வேறு வேறு அளவில் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் அவசரப் பிரிவு. முதல் இரவு வீட்டில் தனியாக விடக்கூடாது. திரும்பி வருவதும் படிப்படியாகத்தான்: நடை, மெல்லிய ஓட்டம், தனியாகக் கட்டா (வரிசை மாறாத அசைவுகள்), தொடாத கூட்டுப் பயிற்சி, டாக்டர் சம்மதித்த பிறகே தொடும் பயிற்சி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். அறிகுறி திரும்பினால் ஒரு படி கீழே. உலகக் கராத்தே சம்மேளனப் போட்டிகளிலேயே, கீழே விழுந்தவர் 10 நொடிக்குள் எழுந்து நிற்காவிட்டால் அந்தத் தொடரின் சண்டைப் பிரிவுகளிலிருந்தே விலக்கிவிடுவார்கள். அங்கே நடுவர் முடிவு செய்கிறார். பயிற்சிக்கூடத்தில் அந்த நடுவர் இல்லை என்பதால் பக்கத்தில் நிற்பவர்கள்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

பல்காப்பு போட்டிருந்தேனே என்று அப்போது எனக்கு ஆறுதல். அது பல்லைத்தான் காக்கும், மூளையை அல்ல. ஆனாலும் போடாமல் இறங்காதீர்கள். பல் முழுதாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்து, பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். ஒட்ட வாய்ப்பு உண்டு.

இத்தனைக்கும் பிறகு எப்படித் திரும்பச் சண்டைக்குப் போவது? இதில் நான் வெகுநாள் தடுமாறினேன். ஒன்று, முழுதாக உட்கார்ந்துவிடுவேன். இல்லையென்றால் ஒரே நாளில் முழு வேகத்தில் இறங்குவேன். நடுவில் ஒன்றும் தெரியாது. விலா ஆறிய பிறகு மாஸ்டர் என்னை வெள்ளை பெல்ட் வரிசையில் கோஹோன் குமித்தேக்கு நிறுத்தினார். ஐந்து அடி பின்னால் போய், ஒரே தடுப்பை ஐந்து தடவை செய்து, கடைசியில் ஒரு குத்து. கருப்பு பெல்ட்டுக்கு முந்தின நிலையில் இருந்தவனுக்கு அது அவமானமாகத்தான் இருந்தது.

இரண்டு வாரத்தில் புரிந்துவிட்டது. ஷோட்டோகானின் சண்டைப் பயிற்சி ஏற்கெனவே ஒரு ஏணி. ஐந்தடியில் எங்கே வரும், எத்தனை வரும், எப்போது வரும் என்று எல்லாம் தெரியும். மூன்றடியில் கொஞ்சம் வேகம் கூடுகிறது. இப்போன் குமித்தேயில் ஒரே அடி, தவறினால் மறு வாய்ப்பு இல்லை. ஜியு இப்போனில் இடம் தெரியும், நேரம் தெரியாது. ஜியு குமித்தே என்ற கட்டற்ற சண்டையில் எதுவும் தெரியாது. ஒவ்வொரு படியிலும் தெரியாதது ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். அடிபட்ட உடம்புக்கு வேண்டியதும் அதுவே. விலா ஆறினாலும் விலாவின் பயம் ஆறியிருக்காது. குத்து வரும்போது தோள் தானாகச் சுருங்கும், மூச்சு அடைக்கும், அந்தச் சுருக்கத்தில் வேறொரு இடத்தில் அடிபடும். ஐந்தடியில் அந்தச் சுருக்கம் போன பிறகுதான் மூன்றடி. இப்போது எந்தக் காயத்துக்குப் பிறகும் நான் இந்த ஏணியின் அடிப்படியிலிருந்துதான் ஏறுகிறேன். சுண்டுவிரலுக்கு நான்கு நாளில் ஏறினேன், தலைக்குப் பிறகு இரண்டு மாதம்.

கட்டற்ற சண்டையே ஷோட்டோகானில் பின்னால் வந்ததுதான். ஃபுனாகோஷிக்கு அதில் பிடிப்பில்லை. ஜப்பான் கராத்தே சங்கத்தின் முதல் அகில ஜப்பான் போட்டி நடந்தது 1957-இல், அவர் இறந்த அதே வருடம். ஏணியில் மேல்படிக்குப் போகாமல் நின்றால் கராத்தே குறைந்துவிடும் என்று நினைக்கும் இளைஞர்களுக்கு இதை நான் சொல்வதுண்டு. அவர்கள் காதில் விழுவதில்லை, எனக்கும்தானே விழவில்லை.

சண்டைக்கு முன் வாய்விட்டுச் சொல்வது இன்னொரு பழக்கம். "இடது விலா இன்னும் ஆறலை, அங்க வேண்டாம். முகத்துக்குப் பாதி வேகம்." ஐந்து நொடி பேச்சு. முன்பெல்லாம் பலவீனத்தைக் காட்டிக்கொடுப்பதாகத் தோன்றும். சொல்லத் தொடங்கிய பிறகு ஒன்று கவனித்தேன்: எதிரே நிற்பவரும் தன் காயத்தைச் சொல்கிறார். இருபது பேர் இருக்கும் கூடத்தில் முழு உடம்போடு நிற்பவர்கள் நான்கு பேர்கூடத் தேற மாட்டார்கள்.

எதுவுமே செய்ய முடியாத வாரங்களில் பெல்ட் கட்டிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருப்பேன். மிதோரி கெய்கோ என்று அதற்கு ஒரு பெயர் உண்டு, பார்த்துக் கற்பது. முதலில் தண்டனை போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள், என்னை எப்போதும் முதல் குத்திலேயே பிடித்துவிடும் அந்த மூத்த மாணவர் பாய்வதற்கு முன் முன்கால் கட்டைவிரலை லேசாகத் தரையில் அழுத்துவது கண்ணில் பட்டது. எதிரில் நிற்கும்போது ஆறு வருடமாகத் தெரியாதது. குணமாகி வந்த வாரம் அவரை இரண்டு தடவை முந்தினேன். அடுத்த வாரம் அவர் அந்தப் பழக்கத்தை மாற்றிக்கொண்டார். யார் சொன்னார்களோ.

இப்போதைக்கு வலது முட்டி எழுபது சதவீதம். ஹெய்யான் கோதான் என்ற கட்டாவில் தாவி இறங்கித் தாழும் இடம் வரும்போது நான் தாவாமல் ஒரு அடி எடுத்துவைத்து இறங்குகிறேன். நோட்டில் 16 என்று எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறேன், எந்தப் பக்கக் கணக்கு என்று இன்னும் எழுதவில்லை. போன வாரம் மாஸ்டர் பின்னால் வந்து நின்று முழுக் கட்டாவையும் பார்த்தார்.

"தாவல் எங்கப்பா?"

"முட்டி, மாஸ்டர்."

"முன்னாடியே சொல்லியிருந்தா, இறங்குற இடத்தைச் சரியா பண்ணச் சொல்லியிருப்பேன்ல. இன்னொரு தடவை. மெதுவா."